நல்ல பான் மீ கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: வியட்நாம் சாண்ட்விச்சான பான் மீ விற்கும் கடைகள் நகரத்தில் நிறைய வந்துவிட்டன. எது நல்ல கடை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் ரொட்டியைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வந்த நீள ரொட்டியை வியட்நாமியர்கள் தங்கள் கைப்பக்குவத்தில் இலேசாக்கிவிட்டார்கள், அதனால் மேல்தோல் மெல்லியதாக, கடித்தவுடன் நொறுங்க வேண்டும், உள்ளே பஞ்சு மாதிரி இருக்க வேண்டும். அண்ணத்தைக் கிழிக்கிற முரட்டு ரொட்டி என்றால் உள்ளே எதை வைத்தாலும் வீண். தானே ரொட்டி சுடும் கடையாக இருந்தால் மிக நல்லது.

1975-இல் வியட்நாம் போர் முடிந்தபின் வெளியேறிய வியட்நாமியர்கள் பல நாடுகளில் குடியேறினார்கள். உங்கள் நகரத்தில் அவர்கள் வாழும் பகுதி இருந்தால் அங்கேயே தேடத் தொடங்குங்கள்.

அப்புறம் ஊறவைத்த கேரட், முள்ளங்கி. புளிப்பும் இனிப்பும் சேர்ந்து மொறுமொறுவென்று இருக்க வேண்டும், தண்ணீர் சொட்டி ரொட்டியை நனைக்கக் கூடாது. கொத்தமல்லித்தழை, வெள்ளரி, பச்சை மிளகாய் வாடியிருந்தால் வேறு கடை பாருங்கள். முதல் தடவை பன்றி இறைச்சித் துண்டுகளும் ஈரல் விழுதும் வைத்ததையே கேளுங்கள், சைவர்கள் டோஃபு (சோயா பனீர்) வைத்ததை வாங்கலாம். கண்ணெதிரே செய்து தருவதை வாங்கி உடனே சாப்பிடுங்கள்.