இணைய இணைப்பில்லாத பில்ட் சர்வரில் டாக்புக் கையேட்டை உருவாக்குவது எப்படி?

உங்கள் பயனர் கையேடு டாக்புக் 4.5 (தொழில்நுட்ப ஆவணங்களுக்கான எக்ஸ்எம்எல் வடிவம்) கோப்புகளாக இருக்கிறது. மடிக்கணினியில் சிக்கலின்றி எச்டிஎம்எல் ஆகும் அது, இணையம் இல்லாத சர்வரில் டிடிடி கோப்பை (ஆவணத்தில் எந்தக் குறிச்சொல் எங்கே வரலாம் என்ற விதிகள் உள்ள கோப்பு) எடுக்க முடியாமல் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் உள்ள இணைய முகவரியை அழித்துவிட்டு உள்ளூர்ப் பாதையை எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். அந்தப் பாதை கணினிக்குக் கணினி மாறும்; இன்று சர்வருக்காகத் திருத்தினால் நாளை மடிக்கணினியில் உடையும். அந்த முகவரியை டிடிடியின் பெயராகக் கொள்ளுங்கள். அந்தப் பெயருக்குரிய கோப்பு இந்தக் கணினியில் எங்கே இருக்கிறது என்று சொல்வதற்காகவே எக்ஸ்எம்எல் கேட்டலாக் என்ற தரநிலை (ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்பு வெளியிட்டது) இருக்கிறது. டெபியன் லினக்ஸில் டாக்புக்-எக்ஸ்எம்எல், டாக்புக்-எக்ஸ்எஸ்எல் ஆகிய இரு தொகுப்புகளையும் நிறுவினால், கணினியின் பொதுக் கேட்டலாக்கில் தேவையான பதிவுகள் தாமாகவே சேர்ந்துவிடும். நிறுவ அனுமதி இல்லையென்றால், டிடிடியையும் ஸ்டைல்ஷீட்களையும் (எக்ஸ்எம்எல்லை எச்டிஎம்எல் ஆக்கும் விதிகள்) உங்கள் களஞ்சியத்திலேயே வைத்து, சில வரிகளில் சொந்தக் கேட்டலாக் ஒன்றை எழுதிக்கொள்ளலாம்: டிடிடிக்கு ரீரைட்சிஸ்டம், ஸ்டைல்ஷீட்டுக்கு ரீரைட்யூஆர்ஐ என்ற பதிவுகள்; இரண்டும் முகவரியின் தொடக்கத்தை உள்ளூர்ப் பாதையாக மாற்றுபவை. அதன் இருப்பிடத்தை எக்ஸ்எம்எல்_கேட்டலாக்_ஃபைல்ஸ் என்ற சூழல் மாறியில் கொடுக்க வேண்டும். இந்த மாறியை அமைத்தவுடன் பொதுக் கேட்டலாக் தானாக ஏற்றப்படாது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு பாதைகளையும் இடைவெளி விட்டு எழுதுங்கள். (ஆகவே, பெயரில் இடைவெளி உள்ள அடைவுக்குள் கேட்டலாக்கை வைக்காதீர்கள்.)

இதைவிட முக்கியமானது, எக்ஸ்எஸ்எல்டிபிராக் (ஸ்டைல்ஷீட்டை இயக்கும் கருவி), எக்ஸ்எம்எல்லின்ட் (எக்ஸ்எம்எல்லைச் சரிபார்க்கும் கருவி) இரண்டையும் மடிக்கணினியிலும், இணையத்திலிருந்து எடுப்பதைத் தடுக்கும் நோநெட் விருப்பத்தோடே இயக்குவது. அது இல்லாதபோது கேட்டலாக்கில் பதிவு விடுபட்டிருந்தாலும் கருவி சத்தமில்லாமல் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடும். பில்ட் மெதுவாக நடக்கும், ஆனால் நடந்துவிடும். இப்படிக் கவனிக்கப்படாமல் ஓடும் நிரல்களால்தான் இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் சர்வர்களுக்கு டிடிடி கேட்டு நாளொன்றுக்கு 13 கோடி வரையிலான கோரிக்கைகள் வந்தன என்று அந்த அமைப்பு 2008-இல் தெரிவித்தது.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், எச்டிடிபிஎஸ் முகவரிகளையும் எடுக்கக்கூடிய சாக்சன் என்ற ஜாவா கருவியைப் பயன்படுத்தினோம். அங்கே ஒருவர் பாதுகாப்பு கருதி ஸ்டைல்ஷீட் இறக்குமதி வரியில் எச்டிடிபி என்றிருந்ததை எச்டிடிபிஎஸ் என்று மாற்றினார். எங்கள் கேட்டலாக்கோ முகவரியின் தொடக்கத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது; கூடுதலாக வந்த ஒரே ஓர் எஸ் போதுமானதாக இருந்தது. எல்லோருடைய கணினியிலும் பில்ட் தேறியது, மூடிய வலையமைப்பில் இருந்த சர்வரில் மட்டும் வெளியீட்டுக்கு முந்தைய இரவு விழுந்தது. அரை நாள் டிடிடியைச் சந்தேகித்தோம். பிழைச்செய்தியில் இருந்த முகவரியை முழுமையாகப் படித்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

எனவே முதலில் பிழைச்செய்தியில் உள்ள முகவரியை அப்படியே நகலெடுத்து, சர்வரில் எக்ஸ்எம்எல்கேட்டலாக் கட்டளைக்குக் கேட்டலாக்கின் பாதையோடு சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். உள்ளூர்ப் பாதை திரும்பி வந்தால் கேட்டலாக்கில் பிழையில்லை, பில்ட் ஸ்கிரிப்டுக்குச் சூழல் மாறி போய்ச் சேரவில்லை என்று பொருள். பதிவு இல்லை என்று வந்தால் அந்த முகவரிக்கு ஒரு வரி சேர்க்க வேண்டியதுதான்.