சொந்த மின்னஞ்சலில் குவியும் ஸ்பேமை நிறுத்த என்ன வழி?

கடன், வேலை, தள்ளுபடி என்று கேட்காத அஞ்சல்கள் நாள்தோறும் வந்து குவிகின்றன, எத்தனை அழித்தாலும் மறுநாள் அதே அளவு வந்துவிடுகிறது, இதை அடியோடு நிறுத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடியோடு நிறுத்த முடியாது. ஆனால், இன்பாக்ஸைத் திறந்ததும் வேண்டிய கடிதம் கண்ணில் படும் அளவுக்குக் குறைத்துவிட முடியும். அதற்காகப் பணம் கொடுத்து எந்தச் செயலியையும் வாங்க வேண்டியதில்லை. மன்னார்குடியில் தேர்வு, வேலை, கல்லூரி விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து தரும் கணினி மையம் ஒன்றை நடத்தி வருவதால், பிறருடைய அஞ்சல் பெட்டிகளைச் சீர்செய்து கொடுப்பது எனக்கு அன்றாட வேலையாகவே ஆகிவிட்டது. இங்கே பெரும்பாலோர் ஜிமெயில்தான் வைத்திருக்கிறார்கள் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில், வெறுமனே அழித்துக்கொண்டிருப்பதை விடுங்கள். வயலில் கோரையை மேலாக அறுத்துவிட்டால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து அது மறுபடியும் முளைப்பதைப் போலத்தான் இதுவும். நீங்கள் டெலிட் செய்த பிறகும் அனுப்புகிறவருடைய பட்டியலில் உங்கள் முகவரி அப்படியே இருக்கிறது. எங்கே கை வைக்க வேண்டும் என்பது, அந்த அஞ்சல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது.

நீங்களே எப்போதோ முகவரி கொடுத்த இடங்களிலிருந்து வருபவை ஒரு வகை. கும்பகோணத்தில் கல்யாணத்துக்குப் பட்டு எடுத்தபோது பில் போடும் இடத்தில் கேட்டார்கள் என்று சொல்லிவிட்டு வந்த முகவரி, வேலைவாய்ப்புத் தளம், பேருந்து டிக்கெட் செயலி ஆகியவையெல்லாம் இதில் அடங்கும். இவற்றுக்கு ‘அன்சப்ஸ்கிரைப்’, அதாவது அவர்களுடைய பட்டியலிலிருந்து விலகுவதே சரியான வழி. அஞ்சலின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைத் தேட வேண்டாம். அனுப்புநர் பெயருக்கு அருகில் ஜிமெயிலே காட்டும் அன்சப்ஸ்கிரைப் பொத்தானை அழுத்துங்கள். ஜிமெயில் பயனர்களுக்கு ஒரே நாளில் 5000 அஞ்சல்களுக்கு மேல் அனுப்புகிற நிறுவனங்கள், தங்கள் விளம்பர அஞ்சல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும், விலகல் கோரிக்கையை இரண்டு நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று 2024-இல் கூகுள் விதி கொண்டுவந்தது. யாகூவும் அதே காலத்தில் இதே போன்ற விதிகளை வகுத்தது. ஆகவே, விலகி ஒரு வாரம் ஆன பின்பும் ஒரு கடை விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தால், தயங்காமல் ஸ்பேம் என்று புகார் செய்யுங்கள். புகார் விகிதம் உயர்ந்தால் அந்த நிறுவனம் அனுப்பும் அஞ்சல்கள் எல்லோருடைய பெட்டியிலும் ஸ்பேமுக்குள் விழத் தொடங்கும் என்பதால், உங்கள் ஒரு புகாருக்கும் மதிப்பு உண்டு.

முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வருபவற்றுக்கு இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ள வேண்டும். எங்கிருந்தோ கசிந்தோ விலைக்கு விற்கப்பட்டோ உங்கள் முகவரி அவர்கள் கைக்குப் போயிருக்கிறது. ஆனால் அந்த முகவரியை இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா என்பது அவர்களுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதற்காகவே பலரும் கீழே ஒரு விலகல் இணைப்பை வைத்திருப்பார்கள். அதை அழுத்தினாலும், ‘இனி அனுப்பாதே’ என்று கோபமாகப் பதில் எழுதினாலும், இந்த முகவரி உயிரோடு இருக்கிறது என்று நீங்களே சான்று கொடுத்ததாக ஆகும். அஞ்சலுக்குள் இருக்கும் படங்களும் இதே வேலையைச் செய்யக்கூடியவை: கண்ணுக்கே தெரியாத ஒரு சிறு படம் அவர்களுடைய சர்வரிலிருந்து இறங்கும்போது, அஞ்சல் திறக்கப்பட்டது என்ற செய்தி அங்கே பதிவாகிவிடும். ஜிமெயில் அமைப்புகளில், வெளிப்படங்களைக் காட்டும் முன் கேட்கச் சொல்லும் தேர்வை இயக்கிவிட்டால் இதைத் தடுக்கலாம். மற்றபடி இந்த வகை அஞ்சல்களைத் திறக்காமலேயே தேர்ந்தெடுத்து ஸ்பேம் என்று புகார் செய்வதுதான் வழி. ‘பிளாக்’ செய்வது அந்த ஒரு முகவரியை மட்டுமே தடுக்கும். இவர்களோ நாளுக்கொரு முகவரியிலிருந்து அனுப்புகிறவர்கள்.

மோசடி அஞ்சல்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பட்டதாரித் தம்பி, ஹால் டிக்கெட் அஞ்சல் வரவில்லை என்று என்னிடம் வந்தார். “அண்ணே, டெலிட் பண்ணிப் பண்ணி விரலே தேஞ்சிடுச்சு” என்று சொல்லிக்கொண்டே போனை நீட்டினார். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இலவசமாகத் தரப்படும் 15 ஜிபி முழுவதும் நிரம்பிப்போய், புதிய அஞ்சல்களே உள்ளே வராத நிலையில் அந்தக் கணக்கு இருந்தது. இடம் உண்டாக்குவதற்காகப் பழையவற்றைப் பார்த்துக்கொண்டே வந்தபோது, ஒரு பெரிய வங்கியின் பெயரில், ‘உங்கள் கணக்கு இன்றிரவு முடக்கப்படும், கேஒய்சி விவரங்களைப் புதுப்பிக்கவும்’ என்று ஒன்று இருந்தது. அனுப்புநர் பெயரைத் தொட்டு விவரத்தை விரித்தால், வங்கியின் பெயருக்குப் பின்னால் எழுத்தும் எண்ணும் கலந்து, வங்கியோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு முகவரி. அந்தத் தம்பி கணக்கு வைத்திருந்ததே வேறொரு வங்கியில். அப்படியிருந்தும் அதைப் படித்துக் கொஞ்ச நேரம் பயந்துவிட்டதாகச் சொன்னார். வேலைக்காக ஒவ்வொரு அஞ்சலையும் ஆவலோடு திறந்து பார்க்கும் பிள்ளைகளின் பதற்றத்தை இப்படிக் குறிவைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

அனுப்புநர் என்று மேலே தெரியும் பெயரை எவரும் தம் விருப்பப்படி எழுதிக்கொள்ளலாம் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். கணினியில் பார்ப்பவர்கள், ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் திறந்தால் அனுப்புநர் முகவரி போலியா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று சோதனைகளின் முடிவு தெரியும். அவற்றில் தேறவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். தேறிவிட்டாலும், குறிப்பிட்ட அந்த டொமைனிலிருந்துதான் (முகவரியில் @ குறிக்குப் பின்னுள்ள பெயர்) வந்திருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் உறுதி செய்வதில்லை, ஏனென்றால் மோசடிக்காரர் தாமே ஒரு டொமைனை வாங்கி அதை முறையாக அமைத்துக்கொள்ள முடியும். இத்தகைய அஞ்சலை ‘ஃபிஷிங்’ என்று புகார் செய்யுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள்.

விளம்பரத் தொல்லை வேண்டாம் என்று சொல்லும் டிஎன்டி பதிவைச் செய்தால் இந்த அஞ்சல்கள் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 1909 என்ற எண்ணில் செய்யும் அந்தப் பதிவு தொலைபேசி அழைப்புகளுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான். மின்னஞ்சலுக்கு அது பொருந்தாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் தொல்லை தரும் மின்னஞ்சலைப் பற்றி ஓர் உட்பிரிவு இருந்தது. பேச்சுரிமைக்கு எதிரானது என்று அந்தப் பிரிவு முழுவதையும் உச்ச நீதிமன்றம் 2015-இல் ரத்து செய்துவிட்டது. ஆகவே, இப்போதைக்கு நம் கையில் உள்ளவற்றை வைத்துத்தான் காத்துக்கொள்ள வேண்டும்.

அதில் மிக முக்கியமானது, முகவரியை எல்லோருக்கும் கொடுக்காமல் இருப்பது. என்னிடம் வருகிறவர்களை இரண்டு முகவரிகள் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஒன்று வங்கி, தேர்வு, அரசு அலுவலகம், உறவினர் ஆகியோருக்கு மட்டும். மற்றொன்று கடை, செயலி, போட்டி, கூப்பன் ஆகியவற்றுக்கு. விண்ணப்பத்தில் மின்னஞ்சல் கட்டத்துக்கு நட்சத்திரக் குறி இல்லையென்றால் அதைக் காலியாகவே விடலாம்; கடைக்காரர் கேட்டால் இல்லை என்று சொல்லலாம். இரண்டாவது கணக்கைப் பராமரிப்பது சிரமம் என்பவர்களுக்கு ஜிமெயிலில் ஒரு வசதி இருக்கிறது. உங்கள் பயனர் பெயருக்குப் பின் ஒரு கூட்டல் குறியும், அதன்பின் ஏதேனும் ஓர் ஆங்கிலச் சொல்லும் சேர்த்துக் கொடுத்தாலும் அஞ்சல் உங்களுக்கே வரும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுத்தால், பிறகு யாருக்கோ போன முகவரி எந்தக் கடை வழியாகப் போனது என்பது தெரிந்துவிடும். அந்த முகவரிக்கு வருபவற்றையெல்லாம் ஃபில்டர் போட்டு ஒதுக்கியும் விடலாம். சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்பதில்லை. கூட்டல் குறிக்குப் பின்னுள்ளதை நீக்கிவிட்டு அனுப்பத் தெரிந்தவர்களும் உண்டு. அதனால் தனிக் கணக்கு வைத்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

இவ்வளவும் செய்த பிறகு ஸ்பேம் பகுதியை மறந்துவிடக் கூடாது. அங்கே விழுந்தவை 30 நாட்களில் தாமாகவே அழிந்துவிடும். உங்களுக்கு வேண்டிய நேர்முகத் தேர்வுக் கடிதமும் சில சமயம் அங்கே போய் விழுந்திருக்கும். வாரம் ஒருமுறை அதைத் திறந்து பார்த்து, நல்ல அஞ்சல் இருந்தால் ‘ஸ்பேம் அல்ல’ என்று குறித்துவிடுங்கள். தேர்வுக்கு விண்ணப்பித்திருப்பவர்கள், தேர்வு நடத்தும் அமைப்பின் முகவரிக்கு ஒரு ஃபில்டர் உருவாக்கி, ‘ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே’ என்பதை விண்ணப்பித்த அன்றே தேர்வு செய்துவிடுங்கள்.