தீமை, நம்பிக்கை, ஒரு கொத்தனார் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் நீதிமன்றத் தட்டச்சர். போக்சோ வழக்குகளில், அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளில், குழந்தைகள் சொல்வதைத் தட்டச்சு செய்கிறேன். அப்பா தினமும் காலையில் தேவாரம் பாடுவார். சின்ன வயதிலிருந்தே கூடப் பாடியவன், இப்போது வாய் வரவில்லை. எட்டு வயதுக் குழந்தைக்கு இப்படி நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்ன கடவுள்? மனிதர்களையும் நம்ப முடியவில்லை. மனிதன் பிறவியிலேயே கொடியவன், பயம்தான் அவனை அடக்கி வைத்திருக்கிறது. அப்பாவுக்காகவாவது பூசையில் உட்காரட்டுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முன்வினை, சோதனை, மனிதனுக்குத் தந்த சுதந்திரத்தின் விலை என்று மதங்கள் சொல்லும் பதில்கள் உங்களுக்கே தெரியும். அந்தக் குழந்தையின் முன்னால் இதில் எதையும் சொல்ல எனக்கு நாக்கு எழாது. ஆனால் கடவுளோடு சேர்த்து மனிதனையும் கைவிடுகிறீர்களே, அதை நான் ஏற்கவில்லை.

பிரைமோ லெவி இத்தாலிய யூதர், வேதியியல் படித்தவர். 1944 பிப்ரவரியில் அவரை ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். கடவுள் நம்பிக்கை அவருக்கு முன்பே கிடையாது. அந்த அக்டோபரில் விஷவாயுவுக்கு ஆள் பிரித்தபோது ஒரு கணம் வேண்டிக்கொள்ளத் தோன்றியதாம். தோற்கும் நேரத்தில் ஆட்டத்தின் விதியை மாற்றக் கூடாது என்று அடக்கிக்கொண்டார். தப்பித்த ஒரு கிழவர் படுக்கையில் உட்கார்ந்து கடவுளுக்கு உரக்க நன்றி சொன்னார். பக்கத்துப் படுக்கையில், இரண்டு நாளில் சாகப்போகிற இருபது வயதுப் பையன் விளக்கையே வெறித்தபடி கிடந்தான். அந்தப் பிரார்த்தனையை லெவியால் மன்னிக்க முடியவில்லை. உங்களுக்கு வாய் வராததிலும் நான் குறை காணவில்லை. அப்பா பக்கத்தில் உட்காருங்கள், அது அவருக்காக. பாட வேண்டாம்.

அதே முகாமை ஒட்டி லொரென்ஸோ பெரோனே என்ற இத்தாலியக் கொத்தனார் கூலிக்கு வேலை செய்தார். ஆறு மாதம், தினமும், தன் சாப்பாட்டில் மிஞ்சியதையும் ஒரு துண்டு ரொட்டியையும் லெவிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஒட்டுப்போட்ட பனியன் ஒன்று கொடுத்தார். லெவிக்காக ஊருக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டு, பதிலையும் வாங்கி வந்தார். பிடிபட்டால் அவருக்கும் முகாம்தான்.

பயம்தான் மனிதனை அடக்குகிறது என்கிறீர்கள். அங்கே பயம் கொலைகாரர்கள் பக்கம் நின்றது. சட்டமும் அவர்களுடையது. ஒரு வாய் சோறு கொடுப்பதுதான் குற்றம். அந்தப் பயத்தை மீறித்தான் அவர் கொடுத்தார். கொடுமை மட்டுமே மனித இயல்பு என்றால் ஆஷ்விட்ஸுக்கு அவ்வளவு ஏற்பாடு எதற்கு? ரயில் அட்டவணை, கையெழுத்துகள், நான் வண்டி மட்டும்தான் ஓட்டினேன் என்று சொல்லிக்கொள்ளும்படி வேலையைக் கூறுபோட்டது, எல்லாம் எதற்கு? சாதாரண மனிதனைக் கொலைக்கு இணங்கவைக்க அத்தனையும் தேவைப்பட்டது.

இதைச் சர்க்கரை தடவிச் சொல்ல எனக்கு மனமில்லை. போர் முடிந்து ஊர் திரும்பிய லொரென்ஸோவுக்கு இந்த உலகம் வெறுத்துவிட்டது. குடித்தார், வேலையை விட்டார். லெவி எவ்வளவோ முயன்றும் காப்பாற்ற முடியவில்லை. 1952இல் இறந்துபோனார். நல்லது செய்தவரை அது காக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. நீங்களும் தினம் அதே மாதிரி உலகத்தைத்தான் பார்க்கிறீர்கள். அதனால்தான் உங்களை நினைத்தால் எனக்குக் கவலை. யாரிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள்.

இன்னொன்று. ஒரு குழந்தையின் வாக்குமூலம் உங்கள் மேசைவரை வந்திருக்கிறது என்றால், அதற்கு முன் யாரோ அந்தக் குழந்தையை நம்பியிருக்கிறார்கள். பாட்டியோ, டீச்சரோ, பக்கத்து வீட்டு அக்காவோ, ஊர் பேசும் என்று தெரிந்தே காவல் நிலையத்துக்குக் கைப்பிடித்து அழைத்துப் போயிருக்கிறார்கள். அடுத்த வழக்குக் கட்டு வரும்போது சாட்சிப் பட்டியலை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அதன் பிறகும் இதே முடிவுதான் என்றால் மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.