கழுத்தில் கேட்ட அந்த ‘படக்’ சத்தம்

காட்பாடி நண்பரே, கழுத்து வலிக்காக ஒருவரிடம் போனீர்கள், அவர் கழுத்தைத் திருப்பிவிட்டதும் ‘படக்’கென்றது, வலி குறைந்தது, இரண்டே நாளில் வலி திரும்ப வந்துவிட்டது, மறுபடி அவரிடம் போகலாமா என்கிறீர்கள். சரி, முதலில் சத்தம். விலகிய எலும்பு ஏறி உட்கார்ந்த சத்தமல்ல அது. மூட்டுக்குள் வழுவழுப்பான திரவம் உண்டு. சட்டென்று இழுத்தால் அழுத்தம் குறைந்து அதில் குமிழி போல வாயுக்குழி உண்டாகும். 2015இல் ஆய்வாளர்கள் விரல் மூட்டைச் சொடுக்கி எம்ஆர்ஐயிலேயே காட்டினார்கள். அதே மூட்டு மறுபடி சொடுக்க சுமார் 20 நிமிடம் ஆகும், உங்கள் விரலிலேயே பாருங்கள். தசை கொஞ்ச நேரம் தளர்வதும் சுகத்துக்கு ஒரு காரணம்.

கழுத்தை வெடுக்கென்று திருப்பினால் ரத்தக்குழாய் கிழிவது அபூர்வம், ஆனால் உண்டு. நானாக இருந்தால் போகமாட்டேன். கை மரத்துப்போனாலோ தலை சுற்றினாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் கழுத்து வலியைப் பார்க்க உடல் மறுவாழ்வு மருத்துவப் பிரிவே இருக்கிறது.