வாட்டர்லூச் சிங்கமும் கொழுந்துக் கூடையும்

அன்புள்ள ஐயாவுக்கு,

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். அண்மையில் ஆர்தர் கோனன் டாயிலின் ‘டி ப்ரொஃபண்டிஸ்’ என்ற சிறுகதையைப் படித்தேன். 1892-இல் லண்டன் மாத இதழான ‘தி ஐட்லர்’-இல் வந்தது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் வாட்டர்லூப் போர்க்களத்தில் நிற்கும் சிங்கச் சிலைக்கு நிகரான துணிவின் நினைவுச்சின்னம் என்று அதில் எழுதியிருக்கிறார். பெருமையாக இருந்தது. அந்த வரியைத் தமிழாக்கிப் பாடசாலைக் கண்காட்சிக்குப் பதாகையாக மாட்டினோம். அக்காலத்துப் பத்திரிகைக் கதைகள் இலக்கியமா, வெறும் பொழுதுபோக்கா? மலையகத்துக்கு அப்படி விறுவிறுப்பான கதை மரபு ஏன் வாய்க்கவில்லை?

கே.

அன்புள்ள கே. தம்பிக்கு,

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. பொழுது போகிறதா, படியுங்கள். தோட்டத் தொழிலாளிக்காகப் பத்திரிகை நடத்தி, துரைமாரின் தூக்கத்தைக் கெடுத்த கோ. நடேசய்யரே துப்பறியும் நாவல் எழுதியவர்தான். இரண்டாவது கேள்வி தவறு. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ 1935-இல் ‘மணிக்கொடி’ என்ற பத்திரிகையில்தான் வந்தது. அதில் மருதி என்ற பெண் வாசவன்பட்டியை விட்டு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து படும் பாட்டைவிட விறுவிறுப்பு வேண்டுமென்றால் நீங்கள் கிரிக்கெட் பார்க்கலாம்.

அந்தப் பதாகைதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. ஒரு மாதத்துக்கு முன் நுவரெலியா வீதியில் ஒரு தேயிலை விற்பனைக் கூடத்தில் இதே வரியைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் பார்த்தேன். அன்றிலிருந்து அது மண்டைக்குள் குடைந்துகொண்டிருக்கிறது.

தம்பி, பெருமைப்படுவதற்கு முன் அதற்கு முந்திய வரியைப் படித்தீர்களா? கோப்பியைப் பூஞ்சை தின்று தீர்த்ததும், சோர்ந்துவிடாமல் சில ஆண்டுகளுக்குள் இன்னொரு பயிரை எழுப்பினார்களே, அந்தத் துணிவைத்தான் டாயில் பாடுகிறார். யார் எழுப்பினார்கள்? அவருக்குச் சந்தேகமே இல்லை, தோட்டத்துரைமார். அந்தப் பத்தியில் மண்வெட்டி பிடித்த கை ஒன்றுகூட இல்லை. கோப்பி நோய் இங்கே தெரியவந்தது 1869-இல். அது முற்றியபோது துரைமாரில் பலர் நொடித்துக் கப்பலேறினார்கள். நம் ஆட்களுக்குக் கூலிப் பாக்கி நின்றது. கோப்பிக்குப் பருவத்துக்குப் பருவம் ஆள் வந்து திரும்பினால் போதும். தேயிலை ஆண்டு முழுவதும் கை கேட்கும் பயிர். அதனால்தான் குடும்பம் குடும்பமாக இறக்கினார்கள், பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்து.

டாயில் கதையின் நாயகன் வான்சிட்டார்ட் பெரியம்மை கண்டு கப்பலிலேயே சாகிறான். பிறகு அவன் மனைவிக்கு அலையின் மேல் அவன் முகம் தெரிகிறது. நல்ல உத்தி, எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து, மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த நம் ஆட்களும் அம்மையிலும் வாந்திபேதியிலும்தான் காட்டுவழியில் விழுந்தார்கள். அந்த ‘ஐட்லர்’ இதழைப் படித்த லண்டன்காரருக்கு அவர்களில் ஒருவர் முகமும் தெரியாது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை. அந்தச் சிங்கத்தைப் பற்றி.

வாட்டர்லூச் சிங்கம் எதற்கு வைத்தது தெரியுமா? நெப்போலியன் தோற்ற வாட்டர்லூச் சண்டையில் நெதர்லாந்து இளவரசருக்குத் தோளில் குண்டுக்காயம் பட்டது. காயம்பட்ட இடத்தில் அவருடைய தந்தை, அரசர், நினைவுச்சின்னம் எழுப்பச் சொன்னார். 1826-இல் வேலை முடிந்தது. சமவெளியில் மண்ணைக் கொட்டிக் கொட்டிச் செயற்கையாக ஒரு குன்றை, சுமார் 40 மீட்டர் உயரத்துக்கு உண்டாக்கி, உச்சியில் சிங்கத்தை நிறுத்தினார்கள். ஒரு தோள்பட்டைக்கு ஒரு மலை! அந்த மண்ணைச் சுமந்தது யார்? பெல்ஜியத்து லியேஜ் பகுதிப் பெண்கள், முதுகில் கூடை கட்டிக்கொண்டு சுமந்தார்கள் என்று அந்த ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள்.

முதுகில் கூடை, தம்பி. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் போய்விட்டது. டாயிலின் உவமை பொய்யென்று இத்தனை நாள் கூட்டங்களில் முழங்கிக்கொண்டிருந்தேன். உவமை சரிதான். அவர் சிங்கத்தைப் பார்த்தார், சிங்கத்தின் காலுக்குக் கீழே இருந்த மண்ணைப் பார்க்கவில்லை. என் அம்மாவின் உச்சந்தலையில் கூடைக் கயிறு இழுத்த இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு முடி இருக்காது. எண்ணெய் வைக்கும்போது அந்த வழுவழுப்பைத் தடவுவது எனக்கு விளையாட்டு. நீங்கள் கடிதம் முழுக்க டாயில், ஐட்லர், லண்டன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யார் கொழுந்தெடுத்தார்கள் என்று ஒரு சொல் இல்லை. ஆங்கில ஆசிரியராகிவிட்டால் அதெல்லாம் மறந்துபோகுமா? கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வயதில் நானும் அப்படித்தான் திரிந்தேன்.

அந்தக் காலத்துப் பத்திரிகைக் கதையை நான் முதலில் படித்ததே சுவரில்தான். தாத்தா துரை பங்களாவில் அப்புவாக, அதாவது சமையற்காரராக இருந்தவர். பெரிய துரை வாசித்துக் கழித்த பழைய ஆங்கில இதழ்களைக் கட்டாகக் கொண்டுவருவார். பனிக்காற்று புகாமலிருக்க அவற்றை லயத்துக் காம்பராச் சுவரில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு அறையின் சுவரில் ஒட்டுவார்கள். என் தலைமாட்டில் ஒரு பக்கம். படத்தில் ஒரு கனவான் விளக்கைத் தூக்கிப் பிடித்துக் கதவருகே நிற்கிறான், கதவு பாதி திறந்திருக்கிறது. பதினொரு வயதில் எழுத்துக்கூட்டி, வாத்தியாரிடம் பொருள் கேட்டு, இரண்டு மாதத்தில் கடைசி வரிக்கு வந்தேன். அது பாதி வாக்கியம். மீதி பின்பக்கத்தில், சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

தண்ணீர் தொட்டு உரித்தேன். காகிதத்தோடு சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது. பின்பக்கம் முழுக்கப் பசையும் கரியும், ஓர் எழுத்துகூடத் தேறவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மா, இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்காமல் என்னை அடித்தாள். பிறகு ரொட்டிக்கு வைத்திருந்த கோதுமை மாவில் ஒரு பிடி எடுத்துப் பசை காய்ச்சினாள். அன்று இரவு எனக்கு ரொட்டியில் பாதிதான். அந்தக் கதவுக்குப் பின்னால் யார் நின்றார் என்று இன்றுவரை தெரியாது.

நீங்கள் கேட்டது வேறு என்று தெரிகிறது. பதாகையைக் கழற்ற வேண்டாம். அதற்குக் கீழே அந்த லியேஜ் பெண்களின் படம் ஒன்றையும், உங்கள் தோட்டத்து அக்காமாரின் படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். கடைப் பசை வேண்டாம், பொகவந்தலாவை ஈரத்துக்கு நிற்காது. கோதுமை மாவில் காய்ச்சுங்கள்.