கவர் செய்ய முடியாத நாடு

கேள்வி: வரும் ஏப்ரலில் கணவருடனும் மாமியாருடனும் முதன்முறையாக ஜப்பான் செல்கிறேன். டோக்கியோ, ஹக்கோனே, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா ஆகிய ஊர்களை 8 நாட்களில் கவர் செய்து, ஜப்பானியப் பண்பாட்டையும் அனுபவித்துவிட்டு வர எப்படித் திட்டமிட வேண்டும்? மாமியார் முட்டைகூடத் தொடாத சைவம்.
- வாசகி ஒருவர், திருச்சி

பதில்: உங்கள் கேள்வியில் ஆறு ஊர்களும் ஒரு மாமியாரும் இருந்தும், என் கண் ‘கவர்’ என்ற சொல்லிலேயே நின்றுவிட்டது. நம் ஊரில் கவர் என்பது காய்கறிக் கடையில் கேட்டு வாங்குவது; தபால் நிலையத்தில் தலை ஒட்டி அனுப்புவது; தேர்தல் நேரத்தில் இருட்டிய பிறகு வீடு தேடி வருவது; செய்தியாளர் கூட்டம் முடிந்ததும் என் தொழிலைச் சேர்ந்த சிலர் சட்டைப்பைக்குள் செருகிக்கொள்வது. இவை போக, நல்ல தமிழிலும் கவர் என்றொரு வினை உண்டு. பறித்துக்கொண்டு போவது என்று அதற்குப் பொருள். வெட்சிப் பூச் சூடிப் பகைவரின் ஆநிரை கவர்ந்த வீரர்களும், எட்டே நாளில் ஆறு ஊர்களைக் கவர் செய்துவிட்டுத் திரும்பும் நம் சுற்றுலாப் பயணிகளும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். வீரர்களுக்குப் பசுவாவது மிஞ்சியது. நம்மவர்களுக்குக் கைப்பேசி நிறையப் படங்களும், எந்தப் படம் எந்தக் கோயில் என்ற சண்டையும் மிஞ்சுகின்றன. அந்தச் சண்டையைக் கட்டுரையாக்கி இந்தப் பத்திரிகைக்கும் அனுப்பிவைக்கிறார்கள். விமான நிலையத்தில் தொடங்கி, தயிர்சாதம் தேடி அலைந்து, ‘மக்கள் மிகவும் ஒழுக்கமானவர்கள்’ என்று முடியும் அக்கட்டுரைகளைத் திருப்பி அனுப்பியே நான் ஊருக்கு ஒரு பகைவரைச் சம்பாதித்திருக்கிறேன்.

இதே ஆங்கிலச் சொல்லை ஜப்பானியரும் எடுத்து, ‘கபா’ என்று சொல்லி, வேறொரு காரியத்துக்கு வைத்திருக்கிறார்கள். டோக்கியோவில் புத்தகக் கடைகளுக்குப் பெயர்போன ஜிம்போச்சோ பகுதியில் நான் ஒரு சிறிய புத்தகத்தை வாங்கியபோது, கல்லாவில் இருந்த பெண் ‘கபா’ வேண்டுமா என்று கேட்டார். தலையாட்டினேன். ஒரு தாளை எடுத்து, அதன் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் புத்தகத்தின் உயரத்துக்கு மடித்து, மடிப்பை நகத்தால் ஒருமுறை நீவி, முன்னட்டையை ஒரு பக்கத்திலும் பின்னட்டையை மறுபக்கத்திலும் செருகி, இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டினார். பணத்தை அவர் கையில் கொடுக்கப் போனேன். மேசைமேல் இருந்த சிறு தட்டைக் காட்டினார். மீதிச் சில்லறையும் அந்தத் தட்டில்தான் வந்தது. எனக்குப் பின்னால் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். ஒருவரும் தொண்டையைச் செருமவில்லை. நீங்கள் அனுபவிக்கப் போகும் பண்பாட்டில் பெரும்பகுதி இத்தகைய அரை நிமிடங்களில்தான் நடக்கிறது. காலையில் ஓர் ஊர், மாலையில் ஓர் ஊர் என்று ஓடுகிறவர் இதைக் காண மாட்டார், ஏனென்றால் வரிசையில் தொண்டையைச் செருமுகிறவர் அவராகத்தான் இருப்பார்.

ஆகவே முதலில் ஹக்கோனேயையும் ஹிரோஷிமாவையும் அடித்துவிடுங்கள். ஃபூஜி மலையைப் பார்ப்பதற்காகத்தான் ஹக்கோனே என்றால், அந்த மலை மேகத்துக்குள் ஒளிந்துகொள்வதில் கெட்டிக்காரத்தனம் உடையது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ செல்லும் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் வலப்பக்கத்துச் சன்னலோர இருக்கையை வாங்கி, புறப்பட்டு முக்கால் மணி நேரம் ஆகும்போது தலையைத் திருப்பினால், அதிர்ஷ்டம் இருந்தால் அங்கேயே தரிசனம் கிடைக்கும். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த 1945 ஆகஸ்ட் 6-ஆம் தேதியை இரண்டு ரயில்களுக்கு நடுவே பார்த்துவிட்டு வருவது அந்த ஊருக்குச் செய்யும் மரியாதை ஆகாது; அதற்கென்று தனியாக ஒருமுறை செல்லுங்கள். டோக்கியோவில் இறங்கி ஒசாகாவிலிருந்து புறப்படுமாறு விமானச் சீட்டு வாங்கினால் திரும்பி வரும் ஓட்டம் மிச்சம். டோக்கியோவில் மூன்று இரவுகள், கியோட்டோவில் மூன்று, கோயா மலையில் ஒன்று; நீங்கள் கேட்காத அந்த மலை எதற்கென்று பின்னால் சொல்கிறேன். ஜப்பான் ரயில்வே குழுமத்தின் பெரும்பாலான ரயில்களுக்குச் செல்லும் ஏழு நாள் பயணச்சீட்டை வாங்கச் சொல்லி யாராவது வற்புறுத்துவார்கள். 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக அதன் விலை ஏறிவிட்டது. டோக்கியோ - கியோட்டோ ஒருவழிக் கட்டணம் ஏறத்தாழ 14,000 யென்தான் என்பதால், இந்தப் பயணத்துக்கு அது வீண் செலவு. ஏப்ரல் தொடக்கத்தில் சென்றால் செர்ரிப் பூ மிச்சமிருக்கலாம். 29-ஆம் தேதி தொடங்கும் பொன்வார விடுமுறையில் மட்டும் சிக்கிக்கொள்ளாதீர்கள், அப்போது ஜப்பானியர்களே தங்கள் நாட்டைக் கவர் செய்யக் கிளம்பிவிடுகிறார்கள்.

கியோட்டோவில் கியோன் பகுதியின் சந்துகளில் மைக்கோ எனப்படும், கெய்ஷா கலை பயிலும் இளம்பெண்களைத் துரத்திப் படமெடுக்கும் கூட்டம் பெருகிப் போனதால், 2024-இல் அங்குள்ள தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையத் தடை வந்தது. மீறினால் 10,000 யென் என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் முழுவதும் அதே கியோனில் ‘மியாகோ ஓடோரி’ என்ற நடன நிகழ்ச்சி நடக்கிறது. 1872-இல் தொடங்கியது அது. சீட்டு வாங்கி உட்கார்ந்தால் அதே பெண்கள் தாங்களாகவே மேடைக்கு வந்து ஆடுவார்கள். ரியோவான்ஜி கோயிலின் கல்தோட்டத்துக்கும் போய்வாருங்கள். அங்கே 15 பாறைகள் உண்டு. திண்ணையில் எங்கே உட்கார்ந்து எண்ணினாலும் ஒன்றாவது மறைந்துவிடும். நாராவுக்கு அரைநாள் போதும். தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்கு 752-இல் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி.

இந்தியத் தொடர்பு என்று எழுதிவிட்டேன். ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோவை ஏன் விட்டீர்கள் என்று அடுத்த வாரம் கடிதம் வரும். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டென்று அவர் வாதாடியதையும், மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்காததையும் நான் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டேன். பயணிக்குத் தேவையானது ஒன்றுதான்: அங்கும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். ‘மிஸு ஓ குதாசாய்’ என்றால் ‘தண்ணீரைத் தாருங்கள்’. சொல்லுக்குச் சொல் அதே வரிசை.

இனி உங்கள் மாமியார். ஜப்பானில் காய்கறி மட்டுமே போட்ட குழம்பிலும் ‘தாஷி’ இருக்கும். சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டையாகக் காயவைத்து, மரத்தைப் போலச் சீவி எடுத்த சீவலில் இறக்கும் சாறு அது. நம் மாசிக் கருவாட்டுக்கு அண்ணன் முறை. ‘மீன் இல்லை’ என்று கடைக்காரர் பொய் சொல்வதில்லை, சாற்றை அவர் மீன் என்று எண்ணுவதில்லை. இதற்காகத்தான் கோயா மலையைச் சேர்த்தேன். 816-இல் கூக்காய் என்ற துறவி நிறுவிய அந்த மலைத்தலத்தில் ஏறத்தாழ 50 கோயில்கள் விருந்தினரைத் தங்கவைக்கின்றன. ஒசாகாவின் நம்பாவிலிருந்து ரயிலும் இழுவை ரயிலுமாக ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கே பரிமாறும் ‘ஷோஜின் ரியோரி’ துறவிகளின் உணவு. மீனும் முட்டையும் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும் கிடையாது. எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிண்டிய கட்டி, உறையவைத்துக் காயவைத்த சோயாக் கட்டி, காளான் சாறு என்று சிறு சிறு கிண்ணங்களில் வரும். உப்பும் உறைப்பும் நம் நாக்குக்குக் குறைவுதான். ஒரு பொட்டலம் பருப்புப் பொடியை மாமியார் மறைத்து எடுத்துவந்தால் கண்டுகொள்ளாதீர்கள். மாலை ஐந்தரை, ஆறு மணிக்கே சாப்பாடு வைத்துவிடுவார்கள், தாமதமாகப் போய் நிற்கக் கூடாது.

விடிந்ததும் ஓகுனோயின் இடுகாட்டுக்கு நடந்து செல்லுங்கள். பிரம்மாண்டமான மரங்களுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் பாதை, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். பூச்சி ஒழிப்பு வணிகத்தினர், தாங்கள் கொன்ற கரையான்களுக்கு அங்கே நினைவுக்கல் நட்டிருக்கிறார்கள். ஐந்தடுக்குக் கற்களில் பொறித்திருப்பது ஜப்பானிய எழுத்தல்ல. சித்தம் என்ற இந்திய எழுத்து. பிராமியின் கிளை என்பதால் நம் எழுத்துக்குத் தூரத்துப் பங்காளி. கூக்காய் இறக்கவில்லை, தியானத்தில் அமர்ந்திருக்கிறார் என்பது நம்பிக்கை. அவருக்கு நாள்தோறும் காலை 6 மணிக்கும் 10.30-க்கும் உணவைப் பெட்டியில் வைத்துத் துறவிகள் சுமந்து செல்கிறார்கள். நம் ஊர் நைவேத்தியத்தைப் பார்த்து வளர்ந்த உங்கள் மாமியாருக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

பெரிய பெட்டிகளோடு மலையேறாதீர்கள். கறுப்புப் பூனைச் சின்னம் போட்ட ‘தக்கியூபின்’ சேவையிடம் கொடுத்துவிட்டால், பெட்டி பெரும்பாலும் மறுநாளே அடுத்த விடுதிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். தங்குமிடத்தில் தரும் யுகாத்தா என்ற பருத்தி அங்கியை அணியும்போது, இடப்பக்கம் மேலே வரவேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை.

கடைசியாக ஒரு சங்கடம். வெந்நீர்க் குளியலிடங்களில் உடையில்லாமல், முன்பே உட்கார்ந்து தேய்த்துக் குளித்துவிட்டு, பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும். பச்சை குத்தியவர்களைப் பல இடங்களில் உள்ளே விடுவதில்லை. யாகுசா ரவுடிக் கும்பலின் அடையாளம் அது. அந்தக் காலத்து வழக்கப்படி உங்கள் மாமியார் கையில் கோலமோ மாமனாரின் பெயரோ குத்தியிருந்தால், அதன்மேல் ஒட்டிக்கொள்ளத் தோல் நிறத்தில் ஒட்டுத்தாள் விற்கிறார்கள், சிறிய பச்சையாக இருந்தால் சில இடங்களில் அதற்கு ஒப்புக்கொள்கிறார்கள். ஜப்பானில் நீங்கள் கவர் செய்ய வேண்டிய இடம் அது ஒன்றுதான். எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதுங்கள்.