நோய் வந்த பிறகும் நச்சுப் புகை கெடுதலா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், முதல் நிலை. ‘நோய்தான் வந்துவிட்டதே, இனிப் புகையைப் பார்த்து என்ன ஆகப்போகிறது’ என்கிறார். சரியா?

பதில்: சரியல்ல. முதல் நிலையில் இருப்பவர்தான் புகையை அதிகம் தவிர்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 1988 முதல் 2009 வரை நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்ட மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் வசிப்பிடத்தையும் அங்குள்ள காற்று மாசின் அளவையும் ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வில், வாகனப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவும் காற்றில் மிதக்கும் நுண்துகள்களும் மிகுந்த பகுதிகளில் வசித்தவர்கள் குறைந்த காலமே உயிர்வாழ்ந்தனர் என்றும், நோய் பரவுவதற்கு முன்பே கண்டறியப்பட்டவர்களிடம் இவ்வேறுபாடு கூடுதலாக இருந்தது என்றும் தெரியவந்தது. முற்றிய நிலையில் நோயே வேகமாக உயிரைப் பறித்துவிடுவதால் மாசின் பாதிப்பு தனியே புலப்படுவதில்லை. ஒவ்வொருவரின் புகைப்பழக்கமும் கணக்கில் வராத ஆய்வு என்பதால் மாசுதான் காரணம் என்று அறுதியிட்டுக் கூற முடியாது. இருப்பினும் அப்பாவின் படுக்கையறையில் கொசுவர்த்தி வேண்டாம், கொசுவலை போதும். கொல்லையில் வெந்நீருக்கு விறகு எரித்தால், அந்தப் பக்கத்து ஜன்னலை அதுவரை மூடிவையுங்கள். அவர் இன்னும் பீடி, சிகரெட் பிடிப்பவராக இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். புகையைத் தவிர்ப்பதில் அதைவிடப் பெரிய பலன் வேறெதிலும் இல்லை.

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் அம்மா, வயலில் மருந்தடிக்கும்போது உடன் நிற்கலாமா?

பதில்: வேண்டாம். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1996, 1997ஆம் ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்தபோது, இரத்தத்தில் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி அதிகம் இருந்தவர்களிடையே முதல் ஐந்தாண்டுகளில் இறப்பு கூடுதலாக இருந்தது. இன்று அடிக்கப்படும் எல்லா மருந்துகளுக்கும் இதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் கீமோதெரபியால் தளர்ந்த உடலுக்கு இன்னொரு நஞ்சைச் சேர்ப்பானேன்? மருந்தடித்தவரின் சட்டை, வேட்டியை அம்மா துவைக்கக் கூடாது. வீட்டுத் துணிகளோடு சேர்த்து ஊறவைக்கவும் கூடாது.

கேள்வி: பிளாஸ்டிக் டப்பாக்களை எல்லாம் தூக்கி எறிந்துவிடலாமா?

பதில்: அவ்வளவு தேவையில்லை. சில பிளாஸ்டிக்குகளில் உள்ள பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருள், புற்றணுக்கள் மருந்துக்குக் கட்டுப்படாத தன்மையைக் கூட்டுவதாகச் சில ஆய்வகச் சோதனைகள் காட்டினாலும், நோயாளியின் ஆயுளை அது குறைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சூடான சாம்பாரை மட்டும் எவர்சில்வரில் ஊற்றுங்கள்.

கேள்வி: உடலில் சேர்ந்த நச்சை வெளியேற்றும் கஷாயம் குடிக்கலாமா?

பதில்: சிகிச்சை நடக்கும்போது கூடாது. கல்லீரலைப் பாதிக்கும் மூலிகைகளும், புற்றுநோய் மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டியோ குறைத்தோ விடும் மூலிகைகளும் இருக்கின்றன. ஏற்கெனவே குடித்துவருகிறீர்கள் என்றால் அந்தப் பாட்டிலையே மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள். அவர் திட்டுவார் என்று மறைக்காதீர்கள்.